நத்தம் முதல் மண்டலம் வரை: கல்லங்குறிச்சியை முன்வைத்து நில, கட்டட விதிச் சொற்களின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம், அதில் எதைக் கட்டலாம் என்று வரையறுக்கும் விதிகள் இருபதாம் நூற்றாண்டில் தமிழகத்திற்கு வந்தவை என்று பொதுவாகக் கருதப்படுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளிலும் செப்பேடுகளிலும் இத்தகைய விதிகள் தமக்கேயுரிய கலைச்சொற்களுடன் காணப்படுகின்றன. அச்சொற்களில் சில வருவாய்த்துறைக் கணக்குகள் வழியாக இன்றும் வழக்கில் உள்ளன. ஆயினும் அவை விடை கூறும் வினா மாறிவிட்டது. இம்மாற்றத்தையும் அதனால் குடியிருப்போர் உரிமைக்கு நேர்ந்ததையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நத்தம், புறம்போக்கு, இறையிலி, வியவஸ்தை, குடியிருப்பு, மனைப்பிரிவு, பயன்பாட்டு மண்டலம்

முன்னுரை

அரியலூர் நகரை அடுத்துள்ள கல்லங்குறிச்சி இரண்டு காரணங்களால் அறியப்பட்ட ஊர். கம்பத்தையே மூலவராகக் கொண்டு வழிபடும் கலியுக வரதராசப் பெருமாள் கோயில் முதலாவது. ஊரின் அடியிலும் சுற்றிலும் கிடக்கும் சுண்ணாம்புக்கல் இரண்டாவது. ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சிப்பிகள் நிறைந்த இப்பாறைத் தொகுதிக்கு நிலவியலாளர் ‘கல்லங்குறிச்சிப் படிவம்’ என்றே பெயரிட்டுள்ளனர். 1860களில் பிளான்போர்டு இப்பகுதியின் பாறைகளை உத்தத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பகுத்தார். அதன்பின் நிலவியல் நூல்களில் இவ்வட்டாரத்து ஊர்ப்பெயர்கள் நிலைபெற்றன.

ஊர்ப்பெயரின் ஈற்றிலுள்ள ‘குறிச்சி’ பழைய வாழிடச் சொல். குறிஞ்சி நிலத்துக் குடியிருப்பைக் குறித்த இச்சொல், மலையில்லாத இச்சமவெளியிலும் கீழக்காவட்டாங்குறிச்சி போன்ற பல ஊர்ப்பெயர்களில் இடம்பெறுகிறது. ஆக, நிலத்தின் தன்மை, மக்கள் குடியிருப்பு ஆகிய இரண்டையும் பெயரிலேயே கொண்ட ஊர் இது. இவ்வூரில் ஒருவர் வீடு கட்ட முனைந்தால் அவர் எதிர்கொள்ளும் சொற்கள் மூன்று காலங்களைச் சேர்ந்தவை. கிராமக் கணக்கில் நத்தம், புஞ்செய், புறம்போக்கு என்பவை உள்ளன. பத்திரத்தில் மனை, குழி, சென்ட் என்பவை உள்ளன. அனுமதி விண்ணப்பத்திலோ திட்ட அனுமதி, தளப்பரப்புக் குறியீடு, பயன்பாட்டு மண்டலம் என்பவை உள்ளன. இவை ஒன்றற்கொன்று மொழிபெயர்ப்பு அல்ல. ஒரே நிலத்தை நோக்கி வெவ்வேறு வினாக்களை எழுப்புபவை.

இறையிலி நீங்கு நிலம்

பதினொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு அளிக்கப்பட்ட ஊர்களின் பட்டியலை இராசராசன் காலக் கல்வெட்டுகள் தருகின்றன. ஒவ்வோர் ஊருக்கும் முதலில் மொத்த நிலம் கூறப்படும். பின்னர் வரியிலிருந்து கழிக்கப்படும் நிலங்கள் பெயர் சுட்டிக் கூறப்படும். எஞ்சியதே இறை கட்டும் நிலம். இக்கழிவுப் பட்டியலுக்கு ‘இறையிலி நீங்கு நிலம்’ என்று பெயர். ஊர்நத்தம், ஸ்ரீகோயில், குளம், ஊடறுத்துப் போன வாய்க்கால், களம், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு முதலியன அதில் இடம்பெறுகின்றன. இன்றைய அரியலூர் மாவட்டத்திலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தில், வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டிலும் இதே அமைப்புக் காணப்படுகிறது. இவ்விரு கோயில்களின் கல்வெட்டுகளையும் ஒப்பிட்டு, அக்கால நிலவரி முறையை நொபொரு கராஷிமா விரிவாக ஆராய்ந்துள்ளார்.

கராஷிமாவின் நோக்கம் வருவாய் பற்றியது. நிலப் பயன்பாட்டு வரலாற்றின் நோக்கில் படிக்கும்போது அதே பட்டியல் வேறொன்றையும் காட்டுகிறது. வரியைக் கணக்கிடத் தொகுக்கப்பட்ட இப்பட்டியல், ஓர் ஊரின் பயன்பாட்டு வரைபடத்தைச் சொற்களால் வரைந்துவிடுகிறது. குடியிருப்பு, வழிபாடு, நீர்நிலை, தொழில், பொதுவிடம், இடுகாடு என்ற பகுப்பு அதில் முழுமையாக உள்ளது. ஆயினும் இப்பகுப்பை இன்றைய ‘மண்டல’ப் பகுப்புக்கு நிகராகக் கருதிவிட இயலாது. குடியிருப்பு என்று ஒரே வகை அங்கில்லை. நிலமுடைய உழுகுடிகள் வாழுமிடம் ஊர்நத்தம் அல்லது ஊரிருக்கை. கம்மாளர் வாழுமிடம் கம்மாணச்சேரி. வண்ணார், ஈழவர், பறையர் ஆகியோர் வாழுமிடங்கள் தனித்தனிச் சேரிகள். ‘தீண்டாச்சேரி’ என்ற சொல்லே தஞ்சைக் கல்வெட்டில் உள்ளது. சுடுகாடும் சில ஊர்களில் இரண்டாகக் குறிக்கப்படுகிறது. ‘இங்கே என்ன நடக்கிறது’ என்பதைவிட ‘இங்கே யார் இருக்கிறார்’ என்பதே இப்பகுப்பின் அடிப்படை.

இப்பட்டியலில் நத்தமும் சேரியும் ஒன்றாகவே வரி நீங்கியவை. வரி நோக்கில் அவற்றிடையே வேறுபாடு இல்லை. உரிமை நோக்கில் இருந்த வேறுபாட்டைப் பட்டியல் பேசவில்லை. அம்மௌனம் பின்னர் பல நூற்றாண்டுகளுக்கு நீடித்தது.

வியவஸ்தை: எதை எவர் கட்டலாம்

கட்டட விதி என்ற சொல்லுக்கு நெருங்கிய பொருளில் சோழர் செப்பேடுகளில் வழங்கும் சொல் ‘வியவஸ்தை’. பிரமதேயமாகவோ பிற அறக்கொடையாகவோ ஓர் ஊர் வழங்கப்படும்போது, கொடை பெற்றோருக்குரிய வரி நீக்கங்கள் ‘பரிகாரம்’ என்ற தலைப்பிலும், நடைமுறை வரையறைகள் ‘வியவஸ்தை’ என்ற தலைப்பிலும் தொகுக்கப்பட்டன. சுந்தரசோழனின் அன்பில் செப்பேடு, நாகப்பட்டினத்துப் பௌத்த விகாரத்திற்கு ஆனைமங்கலத்தை அளித்த லெய்டன் செப்பேடு முதலியவற்றில் இத்தகைய பகுதிகள் உள்ளன. கொள்ளிடக் கரையிலுள்ள அன்பில் இவ்வட்டாரத்திற்கு அயலூரே.

சுட்ட செங்கல்லால் மாடமாளிகை எடுக்கலாம், துரவும் கிணறும் தோண்டலாம், சோலை அமைக்கலாம், நீருக்கு ஏற்ப வாய்க்கால் வெட்டலாம், அயலார் அவ்வாய்க்காலைக் குறுக்கே வெட்டவோ அதிலிருந்து நீர் இறைக்கவோ கூடாது, தென்னையும் பனையும் ஈழவர் ஏறக்கூடாது. இவ்வாறு ‘பெறுவதாகவும்’, ‘பெறாததாகவும்’ என்ற இருவகை ஈறுகளுடன் வரையறைகள் அடுக்கப்படுகின்றன. இன்றைய சட்ட நடையில் அனுமதிக்கப்பட்டவை, தடைசெய்யப்பட்டவை என்று பிரிக்கப்படுவதற்கு இது ஒத்தது.

சுட்ட செங்கல்லும் மேல்தளமும் சிறப்புச் சலுகையாகக் கூறப்படுவதிலிருந்து, அவை எல்லார்க்கும் இயல்பாக உரியவையாக இருக்கவில்லை என்பது பெறப்படும். இதை உறுதிப்படுத்துவது கரூரிலுள்ள ‘கோனேரின்மைகொண்டான்’ ஆணைக் கல்வெட்டு. கொங்குப் பகுதிக் கம்மாளர் நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதவும், பேரிகை கொட்டவும், வெளியே செல்லும்போது பாதரட்சை அணியவும், தங்கள் வீடுகளுக்குச் சாந்து இட்டுக்கொள்ளவும் அவ்வாணை உரிமை அளித்தது. கோயில்களையும் மாளிகைகளையும் கட்டிக்கொடுத்த கைகள், தம் சொந்தச் சுவருக்குச் சாந்து பூச அரசாணை பெற வேண்டியிருந்தது. காலணியும் சாந்தும் ஒரே வாக்கியத்தில் வருவது தற்செயல் அன்று. இரண்டும் தகுதிக் குறிகள். தீத்தடுப்பு, காற்றோட்டம், தெரு அகலம் ஆகியவற்றைக் கருதிப் பிறந்த இன்றைய கட்டட விதியிலிருந்து இவ்விதி வேறுபடுமிடம் இதுவே.

நிலக்கொடையின் அளவைக் கூறும் தொடர்களில் மற்றொன்று குறிப்பிடத்தக்கது. மேல்நோக்கிய மரமும் கீழ்நோக்கிய கிணறும் உட்பட, உடும்பு ஓடி ஆமை தவழும் இடமெல்லாம் கொடையில் அடங்கும் என்பது வழக்கமான வாய்பாடு. நிலம் என்பது பரப்பு மட்டுமன்று, அதன் மேலும் கீழும் உள்ளவையும் சேர்ந்ததே என்ற கருத்து அதில் உள்ளது. விசயநகர, நாயக்கர் காலங்களில் இது ‘அஷ்டபோகம்’ என்ற வடமொழி வாய்பாடாகியது. நிதி, நிக்ஷேபம், ஜலம், பாஷாணம், அக்ஷிணி, ஆகாமி, சித்தம், சாத்தியம் என்ற எட்டில் பாஷாணம் என்பது கல்லைக் குறிக்கும்.

கணக்கில் ஏறிய நத்தம்

ஆங்கிலேய ஆட்சியின் நிலஅளவையும் வரித்திட்டமும் பழைய சொற்களை நீக்கவில்லை. அவற்றை எண்ணுடன் பிணைத்தன. ஒவ்வொரு துண்டு நிலமும் புல எண் பெற்றது. நஞ்செய், புஞ்செய் என்பவை தீர்வை விதிக்கும் வகைகளாயின. தீர்வைக்குப் புறத்தே வைக்கப்பட்டவை புறம்போக்கு ஆயின. சோழர் பட்டியலின் ‘நீங்கு நிலம்’ என்ற கருத்தே புறம்போக்கு என்ற சொல்லில் தொடர்கிறது. பேச்சுவழக்கில் இச்சொல் வசைச்சொல்லாகிவிட்டது. வருவாய் தராதது பயனற்றது என்ற கணக்கரின் பார்வை மக்கள் நாவிலும் குடியேறியதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. ஏரி, ஓடை, மேய்ச்சல் வெளி, களம், சுடுகாடு என ஊரின் பொதுவாழ்வு முழுவதும் அச்சொல்லுக்குள் அடங்கும்.

நத்தமும் இக்கணக்கில் புறம்போக்கின் ஒரு வகையாக எழுதப்பட்டது. சிக்கல் இங்கே தொடங்குகிறது. ஏரிப் புறம்போக்கு பொதுவுடைமை. நத்தத்திலோ தலைமுறை தலைமுறையாகக் குடும்பங்கள் வீடு கட்டி வாழ்கின்றன. ‘நத்தம் புறம்போக்கு’ என்ற கூட்டுச்சொல், குடியிருப்பவரை அரசு நிலத்தில் இருப்பவராகத் தோன்றச் செய்தது. 1905ஆம் ஆண்டின் சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம் இதை உணர்ந்தே வரையப்பட்டது. அரசின் சொத்து என்று நிலங்களை அறிவிக்கும் அதன் 2ஆம் பிரிவு, கோயில் மனை, உடைமையான வீட்டுமனை, கொல்லைப்புறம் ஆகியவற்றை விலக்குகிறது. ஸ்ரீகோயில், நத்தம், மனைப்படப்பை என்ற பழைய கல்வெட்டுச் சொற்களின் நிழல் அதில் தெளிவாகவே தெரிகிறது. சமீன் ஊர்களை அரசு ஏற்ற 1948ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எழுந்த ஒரு வழக்கில், கிராம நத்தத்திலுள்ள வீட்டுமனை பொதுநிலம் அன்று என்று 1959இல் சென்னை உயர் நீதிமன்றம் கருதியது. நத்தம் அரசிடம் உறைவதன்று என்ற நிலைப்பாட்டைப் பின்வந்த தீர்ப்புகளும் பின்பற்றின. நத்த மனைகளை அளந்து தனித்தனி எண்ணும் பட்டாவும் வழங்கும் நத்தம் நிலவரித் திட்டம் இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில்தான் வந்தது.

1905ஆம் ஆண்டுச் சட்டத்தின் விலக்கில் ‘உடைமையான’ என்ற சொல் முக்கியமானது. சேரியில் குடியிருந்தோர் எத்தனை தலைமுறை அங்கு வாழ்ந்திருப்பினும், அம்மனை தமது என்று மிராசுதாரர் கோரும் நிலை இருந்தது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் தம் மாவட்டத்துப் பறையர் நிலை பற்றி 1891இல் எழுதிய அறிக்கை இதனை அரசின் கவனத்திற்குக் கொண்டுவந்தது. உழைப்பை மறுத்தால் குடிசையையும் இழக்க நேரும் என்ற அச்சமே அம்மக்களைக் கட்டுப்படுத்தியது. கல்வெட்டுப் பட்டியலில் நத்தத்துக்கு அருகே வரியின்றி நின்ற ‘சேரி’யின் மௌனம் இவ்வாறு வெளிப்பட்டது.

இதற்குத் தமிழ்ச் சொல்லாலேயே விடை தந்த சட்டம் ஒன்று உண்டு. வேளாண் தொழிலாளரும் குத்தகையாளரும் குடியிருக்கும் மனையிலிருந்து வெளியேற்றப்படாமல் காக்க 1961இல் ஒரு சட்டமும், அம்மனையை அவர்களுக்கே உரிமையாக்க 1971இல் ஒரு சட்டமும் இயற்றப்பட்டன. இரண்டின் ஆங்கிலத் தலைப்பிலும் ‘குடியிருப்பு’ என்ற சொல் அப்படியே இடம்பெற்றது. வரைவாளர்கள் அதற்கு நிகரான ஆங்கிலச் சொல்லைத் தேடவில்லை. குடியும் இருப்பும் சேர்ந்த அச்சொல்லின் பொருளை வேறு சொல் தாங்காது என்று கருதியிருக்கலாம்.

1971: வளர்ச்சி என்னும் சொல்

அதே 1971இல் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டமும் இயற்றப்பட்டது. 1920ஆம் ஆண்டின் சென்னை நகரமைப்புச் சட்டத்திற்கு மாற்றாக வந்த இது, பெயரில் ‘ஊரை’யும் சேர்த்துக்கொண்டது. குடியிருப்புச் சட்டம் மனையில் வாழ்பவரைப் பார்த்தது. நகர் ஊரமைப்புச் சட்டம் நிலத்தின் பயன்பாட்டைப் பார்த்தது. ஒரே ஆண்டில் ஒரே சட்டமன்றத்தில் இருவேறு நில மொழிகள் பேசப்பட்டன.

இச்சட்டத்தின் மையச்சொல் தமிழில் ‘வளர்ச்சி’ என்றும் ‘மேம்பாடு’ என்றும் வழங்குகிறது. இலங்கையில் இதற்கு ‘அபிவிருத்தி’ என்பது நிலைபெற்றுள்ளது; 1978ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த நகர அபிவிருத்தி அதிகார சபை அதற்குச் சான்று. மூன்று சொற்களும் நன்மையை உள்ளடக்கியவை. சட்ட வரையறையில் அந்நன்மைக்கு இடமில்லை. நிலத்தின் உள்ளே, மேலே அல்லது கீழே நிகழும் கட்டடப் பணி, பொறியியல் பணி, சுரங்கப் பணி, பிற பணிகள், நிலத்தின் அல்லது கட்டடத்தின் பயன்பாட்டில் ஏற்படும் குறிப்பிடத்தக்க மாற்றம் ஆகியவை அனைத்தும் ‘வளர்ச்சி’யில் அடங்கும். 1947ஆம் ஆண்டின் பிரித்தானியச் சட்டத்திலிருந்து வந்த வரையறை இது. வேளாண்மைக்கும் தோட்டத்திற்கும் காடு வளர்ப்பிற்கும் நிலத்தைப் பயன்படுத்துவது ‘வளர்ச்சி’ ஆகாது என்று அதே பிரிவு விலக்களிக்கிறது. அனுமதி பெறும் தொல்லையிலிருந்து உழவரைக் காக்கும் விலக்கு அது. தமிழில் படிக்கும்போது அது விந்தையாக ஒலிக்கிறது. கல்லங்குறிச்சியின் புஞ்செயில் சோளம் வளர்வது வளர்ச்சி அன்று. அதே நிலத்தைச் சுண்ணாம்புக்கல்லுக்காகத் தோண்டுவது வளர்ச்சி. ‘நில மாற்றப் பணி’ என்பதுபோன்ற நடுநிலைச் சொல் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் பொதுமக்களுக்குப் பொருள் விளங்கியிருக்கும்.

‘மண்டலம்’ என்ற சொல்லும் இவ்வாறே இடம்பெயர்ந்தது. சோழமண்டலம், தொண்டைமண்டலம் என்று நாடுகள் பலவற்றை உள்ளடக்கிய பெரும்பரப்பைக் குறித்த அச்சொல், இன்று சில தெருக்களைக் குறிக்கவும் போதுமானதாயிற்று. குடியிருப்பு, வணிகம், தொழில், நிறுவனம், வேளாண்மை என்று பயன்பாட்டு மண்டலங்கள் வகுக்கப்படுகின்றன. எதிலும் அடங்காதது ‘நகர்ப்புறம் அல்லாத’ மண்டலம். தீர்வைக்குப் புறம்பானதைப் புறம்போக்கு என்ற அதே மறுப்பு முறை இங்கும் தொடர்கிறது. யார் வாழ்கிறார் என்ற வினா விதியிலிருந்து நீங்கியது இம்முறையின் பெருஞ்சிறப்பு. சாந்து பூச எவரும் அரசாணை பெற வேண்டியதில்லை.

ஊராட்சிகளுக்கென 1997இல் வந்த கட்டட விதிகளும் நகராட்சி, மாநகராட்சி விதிகளும் 2019 பிப்ரவரியில் ‘தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள்’ என்ற ஒரே தொகுப்பாயின. 18.30 மீட்டருக்கு உட்பட்ட கட்டடங்களுக்குத் தளப்பரப்புக் குறியீடு 2 என்றும், அதற்கு மேற்பட்ட உயர்கட்டடங்களுக்கு 3.25 என்றும் அவை வரையறுத்தன. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கித் தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். பொதுநிலம் ஊருக்கு முதலிலிருந்தே உரியதாக இருந்த நிலை மாறி, அதை மனை விற்பவர் ஊருக்குத் ‘தானம்’ அளிக்கும் நிலை வந்துள்ளது. விதிகளின் அளவெல்லாம் சதுர மீட்டரில் அமைய, இவ்வட்டார மக்கள் இன்றும் குழியிலும் சென்டிலும் பேசுகின்றனர். 144 சதுர அடி கொண்ட குழி மூன்று சேர்ந்தால் 432 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி. இந்த நெருக்கமே இரு அளவைகளும் மோதாமல் வாழக் காரணம்.

‘மனை’ என்ற சொல்லின் பொருள்மாற்றம் இக்காலத்தின் அடையாளம். வீடு, இல்லறம், அதன் தலைவி என்ற பொருள்களைத் தந்த சொல், இன்று முதலில் நினைவூட்டுவது கல் நட்ட வெற்று நிலத்தை. வேளாண் நிலங்கள் அனுமதியின்றி மனைப்பிரிவுகளாக விற்கப்படுவதைக் கண்ட சென்னை உயர் நீதிமன்றம், 2016 செப்டம்பர் 9 அன்று அத்தகைய மனைகளின் பத்திரப் பதிவைத் தடுத்தது. பின்னர் 2016 அக்டோபர் 20க்கு முற்பட்ட மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. ‘அங்கீகரிக்கப்படாத மனை’ என்ற தொடர் அதன்பின் சிற்றூர்த் தேநீர்க்கடை வரை பரவியது.

கல்லும் குடியிருப்பும்

கல்லங்குறிச்சி வட்டாரத்தில் இச்சொற்களின் மோதல் நிலத்தின் மேற்பரப்போடு நிற்பதில்லை. 1979இல் அரியலூரில் தமிழ்நாடு அரசின் சிமெண்ட் ஆலை தொடங்கப்பட்டது. அதன்பின் தனியார் ஆலைகளும் பெருகின. சுண்ணாம்புக்கல் 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின்படி குத்தகை பெற்றே எடுக்கத்தக்கது. நிலத்தின் பட்டா ஒருவரிடமும், கல்லெடுக்கும் குத்தகை வேறொருவரிடமும் இருக்கக்கூடும். பழைய வாய்பாட்டைப் பின்பற்றிய கிரயப் பத்திரங்களில் நிதி, நிக்ஷேபம் என்று தொடங்கும் அடுக்கில் பாஷாணமும் வாங்குபவருக்கே எழுதிக்கொடுக்கப்பட்டது. அத்தொடரைப் பத்திர எழுத்தர்கள் பொருளறியாமல் நகலெடுத்தார்கள் என்று கூறுவது எளிது. ஆனால் கேரளத்து ஜென்ம நிலங்கள் பற்றிய வழக்கில், நிலத்தடிக் கனிமத்தின் உடைமை நிலவுடைமையைத் தொடரும் என்றும், அதை எடுப்பதை முறைப்படுத்தும் அதிகாரம் வேறு என்றும் உச்ச நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்தது. கீழ்நோக்கிய கிணற்றையும் கல்லையும் கொடைக்குள் அடக்கிய வாய்பாடு, வெற்றுச் சடங்கு மொழியன்று என்பதற்கு அத்தீர்ப்பு துணைநிற்கிறது.

சுரங்க எல்லைக்கும் வாழ்விடத்திற்கும் இடையிலான விதியில் பழைய வினா மீண்டும் எழுகிறது. 1960ஆம் ஆண்டின் கனிமச் சலுகை விதிகள், இருப்புப்பாதை, நீர்த்தேக்கம், வாய்க்கால், கட்டடம், மக்கள் குடியிருக்கும் இடம் ஆகியவற்றிலிருந்து 50 மீட்டருக்குள் முன்அனுமதியின்றிச் சுரங்கப் பணி செய்வதைத் தடுத்தன. இப்பட்டியலில் இருப்புப்பாதையை நீக்கிவிட்டால் எஞ்சுவது, சோழர் கல்வெட்டின் குளம், ஊடறுத்துப் போன வாய்க்கால், குடியிருக்கை ஆகியவற்றோடு ஒத்த வரிசை. அன்று வரி நீக்கத்திற்குரியதாக இருந்தது, இங்கு வெடிக்கும் தோண்டலுக்கும் எதிரான காப்புக்குரியதாகியுள்ளது. ஆனால் ‘மக்கள் குடியிருக்கும் இடம்’ என்பது எந்தக் கல்லில் தொடங்குகிறது? கிராம வரைபடத்தில் எல்லை தெளிவாக உள்ளது நத்தத்திற்கு. ஊரோ நத்தத்தோடு நிற்பதில்லை. பங்கு பிரிந்த மக்கள் புஞ்செயில் வீடு கட்டியுள்ளனர். அரசு ஒதுக்கிய தொகுப்பு வீடுகள் தனிப் புல எண்ணில் உள்ளன. அனுமதி பெறாத மனைப்பிரிவில் சில குடும்பங்கள் வாழ்கின்றன. நத்தக் கல்லிலிருந்து அளந்தால் இவர்கள் 50 மீட்டருக்கு வெளியே நிற்பர். கடைசி வீட்டுச் சுவரிலிருந்து அளந்தால் உள்ளே வருவர். விதியின் சொல் வாழ்வோரைச் சுட்டுகிறது. அளவையாளர் கையிலுள்ள வரைபடம் நத்தத்தைச் சுட்டுகிறது.